காந்தம் பகையா, உறவா? எம்ஆர்ஐ அறையில் இருந்து ஒரு அறிவியல் வரலாறு (நீண்ட இழை)

1/
எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும்போது ஓசூர் பக்கம் நாங்க மறக்காம கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "கிரைண்டிங், வெல்டிங், லேத் வேலை பார்த்திருக்கீங்களா? கண்ணுல எப்பவாவது இரும்புத்தூள் பட்டிருக்கா?"

சிப்காட்டும் அதைச் சுற்றி சின்னச் சின்னப் பட்டறைகளும் நிறைஞ்ச ஊர் இது. "ஆமா சார், ஒரு தடவை பட்டுச்சு, எடுத்துட்டாங்க"ன்னு பதில் வந்தா, முதல்ல கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே. உள்ளே துணுக்கு தங்கியிருந்தா அந்த மெஷினின் காந்தம் அதை அசைத்துவிடும். பார்வையே போகலாம்.

2/
அந்தக் காந்தத்தின் பலம் பொதுவாக 1.5 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைவிட 30 ஆயிரம் மடங்குக்கு மேல். சாதாரணச் செப்புக் கம்பியைச் சுற்றி, நாள் முழுக்க கரண்ட் விட்டு இதை உண்டாக்கினால் கம்பி கொதிக்கும், மின்கட்டணம் ஆஸ்பத்திரியையே மூட வைக்கும்.

அதனால எம்ஆர்ஐ-க்குள்ள இருக்கிறது சூப்பர் கண்டக்டர். தமிழ்ல மீக்கடத்தி. மின்தடை துளியும் இல்லாத பொருள். ஒரு தடவை கரண்ட் ஏற்றிவிட்டால் வருஷக்கணக்கில் அது தானாகவே சுற்றிக்கொண்டே இருக்கும்.

3/
இதில் ஒரு வேடிக்கை. மீக்கடத்தியைப் பயன்படுத்தி உலகத்தின் பலமான காந்தங்களைச் செய்கிறோம். ஆனா மீக்கடத்திக்குக் காந்தம்தான் பரம விரோதின்னு இயற்பியல் பல பத்தாண்டுகள் சொல்லிக்கிட்டு இருந்தது.

1986-ல் அந்தப் பாடம் தலைகீழாச்சு. அந்தத் திருப்பத்தின் முக்கியமான ஒரு கட்டம் நடந்தது நம்ம அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி, ஓசூரில் இருந்து 40 கிலோமீட்டரில் இருக்கிற பெங்களூரில். அதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு விஞ்ஞானிக்கும் பெரிய பங்கு உண்டு.

டீ ஒண்ணு போட்டுக்கிட்டு வாங்க. கொஞ்சம் நீளமான கதை.

4/
முதல்ல பகை எப்படி ஆரம்பிச்சதுன்னு பார்ப்போம்.

1911. நெதர்லாந்தின் லைடன் நகரம். ஹைக் காமர்லிங் ஓன்ஸ் என்பவர் ஹீலியத்தைத் திரவமாக்கி, அதில் பாதரசத்தைக் குளிர வைத்தார். சுமார் 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரியில், பாதரசத்தின் மின்தடை சட்டென்று மறைந்துபோனது.

அவருக்கு உடனே வந்த ஆசை: இந்தக் கம்பியில் காந்தம் செய்தால்? செய்து பார்த்தார். காந்தப்புலம் கொஞ்சம் கூடியதும் மீக்கடத்தும் தன்மையே போய்விட்டது. தான் உண்டாக்கிய காந்தமே தன்னைக் கொன்றது. கிட்டத்தட்ட பஸ்மாசுரன் கதை.

5/
1933-ல் பெர்லினில் மைஸ்னர், ஓக்சன்ஃபெல்ட் இருவரும் இன்னொன்றைக் கண்டார்கள். மீக்கடத்தியாக மாறும் பொருள், தனக்குள் இருக்கும் காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடுகிறது. காந்தத்தின் மேல் ஒரு துண்டு அந்தரத்தில் மிதக்கும் வீடியோ பார்த்திருப்பீங்களே, அதற்கு அடிப்படை இந்தத் தள்ளல்தான்.

ஆக ரெண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க மாட்டாங்க. காந்தம் பலமா இருந்தா மீக்கடத்தி சாகும். மீக்கடத்தி பலமா இருந்தா காந்தம் வெளியே.

6/
ஏன் இந்தப் பகை? விடை 1957-ல் வந்தது. பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்ற மூவரின் கோட்பாடு. சுருக்கமா இவ்வளவுதான்:

மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் தனித்தனியாகப் போவதில்லை. ஜோடி ஜோடியாகப் போகின்றன. சேற்று வயலில் முன்னாடி போறவர் மிதிச்ச தடத்துல பின்னாடி வர்றவர் சுலபமா கால் வைக்கிற மாதிரி, ஒரு எலக்ட்ரான் போகும்போது அணுக்களின் வரிசை லேசாக நெளியும். அந்த நெளிவு இன்னொரு எலக்ட்ரானை இழுக்கும். அதுதான் ஜோடியை ஒட்டவைக்கும் பசை.

7/
ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டி காந்தம். அதற்கு ஸ்பின் என்று பெயர். ஜோடியில் ஒன்று மேலே பார்த்தால் மற்றொன்று கீழே பார்க்கும். இப்படி எதிரெதிரா நின்றால்தான் அந்த ஜோடி நிலைக்கும்.

இப்போ இவங்க நடுவுல ஒரு காந்த அணுவைப் போடுங்க. அது ஒரு எலக்ட்ரானை ஒரு மாதிரியும் இன்னொன்றை வேறு மாதிரியும் இழுக்கும். ஜோடி பிரியும். ஜோடி பிரிந்தால் மீக்கடத்தலும் முடிந்தது.

8/
இதை நேரடியாகக் காட்டியவர் பெர்ன்ட் மத்தியாஸ். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், தன் சகாக்களோடு 1958-ல் ஒரு சோதனை செய்தார். லாந்தனம் என்ற உலோகம் குளிர்ந்தால் மீக்கடத்தி. அதில் கடோலினியம் என்ற தனிமத்தைக் கொஞ்சமாகக் கலந்தார். 100 அணுவுக்கு 1 என்ற அளவுக்கு வந்ததுமே மீக்கடத்தும் தன்மை ஏறக்குறைய அழிந்துபோனது.

கடோலினியம்... எங்கேயோ கேட்ட பேரா இருக்கா? எம்ஆர்ஐ எடுக்கும்போது சில பேருக்கு "கான்ட்ராஸ்ட்" ஊசி போடுவோமே, அதில் இருப்பது இதே தனிமம்தான் (உடம்புக்குத் தீங்கு வராதபடி வேறொரு மூலக்கூறுக்குள் கட்டி வைத்திருப்பார்கள்). ஜோடி சேராத 7 எலக்ட்ரான்கள் கொண்ட பலமான காந்த அணு. பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

9/
மத்தியாஸ் புதுப்புது மீக்கடத்திகளைத் தேடிப் பிடிப்பதில் மன்னர். அவர் பேரில் சில "விதிகள்" இன்னமும் உலவுகின்றன. ஆக்சிஜனை விட்டு விலகு. காந்தத்தை விட்டு விலகு. மின்சாரம் கடத்தாத பொருளை விட்டு விலகு. கடைசியாக, கோட்பாட்டாளர்களை விட்டு விலகு!

கடைசி விதி கிண்டல். முதல் மூன்றையும் பலர் வேதவாக்காகவே எடுத்துக்கொண்டார்கள். உலோகக் கலவைகளில் மட்டுமே தேடினார்கள். 1973-ல் 23 கெல்வின் வரை வந்தார்கள். அதோடு வண்டி நின்றது. 13 வருஷம் நகரவே இல்லை.

(நம்ம எம்ஆர்ஐ-யில் இருப்பது நயோபியம்-டைட்டானியம் கம்பி. அது காந்தப்புலத்தை மெல்லிய நூல்களாக உள்ளே விட்டுக்கொண்டு சமாளிக்கும் தனி ரகம். ஆனால் 9 கெல்வினுக்கு மேலே அதுவும் வேலை செய்யாது. அதனாலதான் திரவ ஹீலியம்.)

10/
1986. சுவிட்சர்லாந்தின் சூரிக். ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்நோர்ட்ஸ், முல்லர் என்ற இருவர் மூன்று விதிகளையும் ஒரே நேரத்தில் மீறினார்கள். அவர்கள் எடுத்தது லாந்தனம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த ஒரு பீங்கான். சுமார் 35 கெல்வினில் மீக்கடத்தல் தொடங்கியதற்கான அறிகுறி கிடைத்தது.

அவங்களுக்கே முழு நம்பிக்கை இல்லை. கட்டுரைத் தலைப்பிலேயே "சாத்தியமான" என்ற சொல்லைப் போட்டுத்தான் எழுதினார்கள். அடுத்த வருஷமே நோபல் பரிசு.

11/
இதில் ஒரு ஏக்கமான பகுதி இருக்கு. அந்த வகைப் பீங்கானை இவர்களுக்கு முன்பே பிரான்சின் கான் நகரத்தில் மிஷெல், ராவோ என்ற வேதியியலாளர்கள் செய்து வைத்திருந்தார்கள். அவர்கள் கட்டுரையைப் படித்துதான் பெட்நோர்ட்ஸுக்குப் பொறி தட்டியது.

பெங்களூரிலும் அதே கதை. இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) சி.என்.ஆர். ராவும் பி. கங்குலியும் இந்தக் குடும்பத்து ஆக்சைடுகளை வருஷக்கணக்காக ஆராய்ந்தவர்கள். லாந்தனம் காப்பர் ஆக்சைடு உட்பட இந்த அடுக்கு ஆக்சைடுகளின் அமைப்பும் காந்தக் குணங்களும் பற்றி 1984-லேயே விரிவான கட்டுரை எழுதியிருந்தார்கள். பெட்நோர்ட்ஸ், முல்லருக்கு 2 வருஷம் முன்னாடி.

12/
இவர்கள் யாரையும் குறை சொல்ல முடியாது. காந்தக் குணம் உள்ள, கரண்ட் கடத்தாத ஒரு ஆக்சைடை எதுக்கு மீக்கடத்திக்காகக் குளிர வைத்துப் பார்க்கணும்? பாடப்புத்தகம் வேண்டாம்னு சொன்ன இடம் அது.

மருத்துவத்திலும் இதே ஆபத்து உண்டு. "இந்த வயசுல இது வராது"ன்னு முடிவு கட்டிட்டா, அதற்கான டெஸ்ட்டே எழுத மாட்டோம். டெஸ்ட் எழுதலைன்னா வியாதி இருந்தாலும் தெரியாது. தேடாத இடத்தில் இல்லாதது, இல்லாதது ஆகாது.

13/
சரி, இப்போ நம்ம பக்கத்து ஊருக்கு வருவோம். 1987 ஜனவரி. பெங்களூரில் ஒரு சர்வதேச மாநாடு. அதன் தலைப்பு வேறு: சில உலோகச் சேர்மங்களில் அணுக்களின் இணைதிறன் ஊசலாடுவது பற்றி. வந்தவர்களில் ஒருவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் ஆண்டர்சன். 1977-ல் நோபல் வாங்கியவர். காந்தவியலைக் கரைத்துக் குடித்தவர்.

சூரிக் செய்தி உலகமெங்கும் பற்றி எரிந்துகொண்டிருந்த நேரம் அது. ஆண்டர்சன் அந்த மாநாட்டில் ஒரு புது யோசனையைப் பேசினார். அதன் சாரம்: இந்தப் பொருளில் காந்தம் மீக்கடத்தலுக்கு எதிரி இல்லை. காந்தத்தில் இருந்துதான் மீக்கடத்தலே பிறக்கிறது.

14/
இதைப் புரிஞ்சுக்க ஓசூர் ஷிஃப்ட் பஸ் ஒண்ணு போதும்.

காலை 6 மணி கம்பெனி பஸ். எல்லா சீட்டிலும் ஒவ்வொருத்தர். ஒரே சீட்டில் ரெண்டு பேர் உட்காரக் கூடாது, நிற்கவும் இடம் இல்லை. பஸ்ஸுக்குள்ள யாராவது இடம் மாற முடியுமா? முடியாது. எல்லாருக்கும் கால் இருக்கு, ஆனா நகர வழி இல்லை.

லாந்தனம் காப்பர் ஆக்சைடில் இதுதான் நிலைமை. ஒவ்வொரு செம்பு அணுவிலும் ஜோடி சேராத ஒரு எலக்ட்ரான். பக்கத்து அணுவுக்குப் போகலாம்னா அங்கே ஏற்கெனவே ஒருத்தர். ரெண்டு பேர் ஒரே இடத்தில் இருந்தால் விலக்கு விசை அதிகம். அதனால் கரண்ட் ஓடாது. எலக்ட்ரான்கள் இருந்தும் கடத்தாத பொருள்.

15/
நகர முடியலைன்னாலும் அவங்க சும்மா இருக்க மாட்டாங்க. பக்கத்து எலக்ட்ரானின் ஸ்பின் எதிர்த்திசையில் இருந்தால் மட்டும், ஒரு கணம் அந்த இடத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஒரே திசை என்றால் அதற்கும் அனுமதி இல்லை. இந்தச் சின்னச் சலுகை ஆற்றலைக் குறைக்கும் என்பதால் எல்லோரும் மேலே-கீழே-மேலே-கீழே என்று சதுரங்கப் பலகை போல அடுக்கி நிற்பார்கள்.

இதுவும் காந்த ஒழுங்குதான். ஆனால் மேலும் கீழும் சமமாக இருப்பதால் வெளியே இரும்பை இழுக்காது. குண்டூசி ஒட்டாத காந்தம்.

இப்போ கவனிங்க: பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரான்கள் எதிரெதிர் ஸ்பின்னோடு நிற்கின்றன. மீக்கடத்திக்கு வேண்டிய ஜோடியும் எதிரெதிர் ஸ்பின் ஜோடிதானே!

16/
ஆண்டர்சன் பிடித்தது இந்த முடிச்சைத்தான். இதுக்கு நம்ம ஊர் உவமை கோலாட்டம்.

கோலாட்டத்தில் எதிரெதிரா நின்று கோல் அடிப்பாங்க. அடுத்த அடிக்கு ஜோடி மாறும். அதற்கடுத்த அடிக்கு இன்னொரு ஜோடி. யார் யாருக்கு ஜோடின்னு நிரந்தரமா சொல்ல முடியாது, ஆனா எந்த நேரத்திலும் எல்லோருக்கும் ஒரு ஜோடி இருக்கும். செம்பு அணுக்களின் எலக்ட்ரான்களும் இப்படித்தான் பிணைப்பை மாற்றிக்கொண்டே இருக்கின்றன என்றார் ஆண்டர்சன். ஒத்ததிர்வுப் பிணைப்பு நிலை என்று இதைச் சொல்லலாம்.

ஆட்டம் நடக்கும் களம் நிரம்பி வழிந்தால் ஜோடிகள் இடம் நகர முடியாது. கொஞ்சம் பேர் வெளியேறினால்? காலி இடம் கிடைக்கும். ஜோடிகள் களம் முழுக்க ஓடும். ஓடும் ஜோடி என்றால் மீக்கடத்தல். லாந்தனத்துக்குப் பதில் கொஞ்சம் பேரியம் சேர்ப்பது இதைத்தான் செய்கிறது: செம்பு அடுக்கில் இருந்து சில எலக்ட்ரான்களை வெளியேற்றுகிறது.

17/
யோசனை சொல்வது வேறு, கணக்காக மாற்றுவது வேறு. இங்கேதான் நம்ம ஆள் வருகிறார். கணபதி பாஸ்கரன். பெங்களூர் ஐஐஎஸ்சியில் முனைவர் பட்டம் வாங்கியவர். அப்போது பிரின்ஸ்டனில் ஆண்டர்சனோடு வேலை செய்துகொண்டிருந்தார்.

ஆண்டர்சனின் கட்டுரை 1987 மார்ச்சில் சயின்ஸ் இதழில் வந்தது. பாஸ்கரன், ஜோ, ஆண்டர்சன் மூவரும் சேர்ந்து அந்த யோசனைக்குக் கணித உருவம் கொடுத்த கட்டுரையும் அதே வருஷம் வந்தது. இந்தத் துறையில் இன்றும் எடுத்தாளப்படும் கட்டுரை அது.

பாஸ்கரன் பிறகு சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தில் பல்லாண்டு பணிபுரிந்தார். 1990-ல் பட்நாகர் விருது. நம்ம பிள்ளைகளுக்கு ஐபிஎல் ஏலத் தொகை தெரியுது. இவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

18/
அதே 1987-ல் சோதனைப் பக்கமும் தீப்பிடித்தது. அமெரிக்காவில் பால் சூ, வூ குழுக்கள் லாந்தனத்துக்குப் பதில் இட்ரியம் போட்டு 93 கெல்வினைத் தொட்டார்கள். இது ஏன் பெரிய விஷயம்? 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜன் போதும். நைட்ரஜன் காற்றிலேயே இருக்கு. ஹீலியம் அப்படி இல்லை. நாம பெரும்பாலும் இறக்குமதி செய்கிற, விலை ஏறிக்கொண்டே போகிற வாயு.

பெங்களூரில் ராவ், கங்குலி குழு சும்மா இருக்கவில்லை. இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடில் மீக்கடத்தலுக்குக் காரணமான சேர்மம் எதுன்னு அடையாளம் காட்டும் கட்டுரையை 1987-லேயே நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். பின்தங்கிவிட்டோம் என்று உட்காராமல், சில மாசத்திலேயே உலகத்தோடு தோளுக்குத் தோள் நின்றார்கள்.

19/
இப்போ கடோலினியம் திரும்ப வருகிறார்.

இட்ரியம் காந்தம் இல்லாத அணு. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முழுக்க முழுக்க கடோலினியத்தையே போட்டுப் பார்த்தார்கள். 1 சதவீதத்துக்கே மீக்கடத்தியைக் கொன்ற அதே பலமான காந்த அணு, இப்போ 100 சதவீதம். என்ன ஆச்சு?

ஒண்ணும் ஆகலை. 90 கெல்வினுக்கு மேலேயே மீக்கடத்தல் அப்படியே இருந்தது.

காரணம், அது நிற்கும் இடம். மீக்கடத்தல் நடப்பது செம்பு-ஆக்சிஜன் அடுக்குகளில். கடோலினியம் அந்த அடுக்குகளுக்கு இடையில், தனி வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. ஜோடிகளோடு அதற்குப் பேச்சுவார்த்தையே இல்லை. ஒரே மருந்து வாயில் கொடுத்தால் ஒரு விளைவு, முதுகுத் தண்டில் ஏற்றினால் வேறு விளைவு. எதைக் கொடுத்தோம் என்பதோடு எங்கே கொடுத்தோம் என்பதும் முக்கியம்.

20/
இன்னும் ஆச்சரியம் அடுத்த சோதனையில். செம்பு அணுக்களிலேயே சிலவற்றை எடுத்துவிட்டு ரெண்டு விதமான மாற்று அணுக்களைப் போட்டார்கள். ஒன்று நிக்கல், காந்தக் குணம் உள்ளது. இன்னொன்று துத்தநாகம், அதில் காந்தம் இல்லை.

பழைய பாடப்படி நிக்கல்தான் அதிகம் கெடுக்கணும். நடந்தது நேர்மாறு. காந்தமே இல்லாத துத்தநாகம்தான் மீக்கடத்தலை வேகமாக அழித்தது.

ஏன்? கோலாட்டத்தில் ஒருத்தர் கோல் இல்லாமல் நின்றால் அவரைச் சுற்றி ஆட்டமே குலையும். துத்தநாகம் கோல் இல்லாத ஆள். நிக்கல் தாளம் கொஞ்சம் தப்பினாலும் கையில் கோல் வைத்திருப்பவர். காந்தப் பின்னலைக் குலைத்தால் மீக்கடத்தலும் குலைகிறது என்றால், ரெண்டுக்கும் உள்ளே ஏதோ உறவு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

21/
ஆனா இங்கே ஒரு மருத்துவரா நான் பிரேக் போடணும். ஒரு நோயாளியிடம் ரெண்டு மாற்றங்கள் சேர்ந்தே இருக்குன்னா, ஒண்ணுதான் இன்னொண்ணுக்குக் காரணம்னு சொல்லிட முடியாது. ஒரே வீட்டில் இருப்பது வேறு, பெற்றெடுத்தது வேறு.

எது உறுதியாகத் தெரியும்?

• மூலப் பொருள் காந்த ஒழுங்கு உள்ளது. 1987-லேயே நியூட்ரான் சோதனைகள் இதைக் காட்டிவிட்டன.
• 2 சதவீதம் அளவுக்கு எலக்ட்ரான்களை வெளியேற்றினால் அந்த ஒழுங்கு கலைகிறது. 5, 6 சதவீதத்தில் மீக்கடத்தல் பிறக்கிறது. 16 சதவீதம் வாக்கில் உச்சம்.
• ஒழுங்கு கலைந்த பிறகும் காந்தத்தின் துடிப்பு சாகவில்லை. மீக்கடத்தும் நிலையிலும் அது கேட்கிறது.
• ஜோடியின் வடிவம் பழைய மீக்கடத்திகளைப் போல உருண்டை இல்லை. நான்கு இதழ் பூ மாதிரி. 1990-களின் முதல் பாதியில் இது உறுதியானது. காந்தத் துடிப்புதான் பசை என்று சொன்னவர்கள் எதிர்பார்த்த வடிவம் இது.

22/
எது இன்னும் தீரவில்லை?

பசை எது என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு கிடையாது. ஆண்டர்சன் வழி ஒன்று. ஸ்கலபினோ, பைன்ஸ் போன்றவர்கள் சொன்ன காந்தத் துடிப்பு வழி இன்னொன்று. அணுக்களின் அதிர்வுக்கும் பங்கு உண்டு என்பவர்கள் இன்னொரு பக்கம். 1987-ல் சொன்னதில் பலவற்றைத் திருத்த வேண்டியும் வந்தது. ஜோடியின் வடிவம் அதில் ஒன்று. மூலப் பொருளில் கோலாட்டம் நடக்கவில்லை, அணிவகுப்புதான் நடக்கிறது, ஆட்டம் காலி இடம் வந்த பிறகே என்பது இன்னொன்று.

காந்தமும் எப்போதும் நல்லபிள்ளை இல்லை. லாந்தனம்-பேரியம் பீங்கானிலேயே எலக்ட்ரான் வெளியேற்றம் சரியாக எட்டில் ஒரு பங்கு வரும்போது, காந்தம் கோடு கோடாக உறைந்து, மீக்கடத்தல் பெருமளவு அடங்கிப்போகிறது. துடிக்கும் காந்தம் துணை, உறைந்த காந்தம் பகை. இப்போதைக்கு இப்படிப் புரிந்துகொள்வது பெரும்பாலும் பொருந்துகிறது.

23/
இந்தியாவில் இதன் அடுத்த அத்தியாயம் மும்பையில். டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் (டிஐஎஃப்ஆர்) ஆர். நாகராஜன், எல்.சி. குப்தா, ஆர். விஜயராகவன் உள்ளிட்ட குழு, இட்ரியம்-நிக்கல்-போரான்-கார்பன் கலவையில் 12 கெல்வின் வாக்கில் மீக்கடத்தலைக் கண்டுபிடித்து 1994-ல் வெளியிட்டது. குப்தா யார் தெரியுமா? அந்த 1987 பெங்களூர் மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்பின் பதிப்பாசிரியர்களில் ஒருவர்.

நிக்கல் உள்ள பொருள் மீக்கடத்தியா! வெப்பநிலை குறைவுதான், ஆனால் காந்த-மீக்கடத்தல் உறவை ஆராய இதைவிட நல்ல களம் கிடையாது. இட்ரியத்துக்குப் பதில் ஹோல்மியம் போட்டால் 8 கெல்வின் வாக்கில் மீக்கடத்தல் வரும். இன்னும் குளிர்த்தினால் 5 கெல்வின் அருகே காந்தம் தலைதூக்கி அதைக் கிட்டத்தட்ட அணைத்துவிடும். மேலும் குளிர்த்தினால் திரும்ப வரும். எர்பியம் போட்டால் ரெண்டும் சமாதானமாக ஒன்றாகவே குடித்தனம் நடத்தும்.

24/
2008-ல் ஜப்பானின் ஹொசோனோ குழு கடைசி ஆணியை அடித்தது. இரும்பு! காந்தம் என்றாலே நினைவுக்கு வரும் இரும்பு. இரும்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த ஒரு பொருள் 26 கெல்வினில் மீக்கடத்தியானது. சில மாதங்களில் சீன ஆய்வாளர்கள் அதே குடும்பத்தை 55 கெல்வின் வரை கொண்டுபோனார்கள். இங்கேயும் மூலப் பொருளில் காந்த ஒழுங்கு. அதைக் கலைத்தால் மீக்கடத்தல்.

நேர்மையா மறுபக்கமும் சொல்லணும். 2015-ல் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு பொருள் 203 கெல்வினைத் தொட்டது. அது பழைய சேற்றுவயல் வழி, காந்தம் இல்லை. ஆனால் அதற்கு வளிமண்டலத்தைப் போல 10 லட்சம் மடங்குக்கும் மேல் அழுத்தம் வேணும். சாதாரண அழுத்தத்தில் முன்னணியில் இருப்பவை இன்றும் செம்பு ஆக்சைடுகள்தான், 130 கெல்வினுக்கு மேல்.

25/
"டாக்டர், இதெல்லாம் நமக்கு எதுக்கு?"ன்னு கேட்பீங்க.

ஒண்ணு: பசை எதுன்னு தெரிஞ்சா, கண்ணைக் கட்டிக்கிட்டு கலந்து பார்க்காம, திட்டமிட்டு நல்ல மீக்கடத்திகளை வடிவமைக்கலாம். பழைய ரக எம்ஆர்ஐ-க்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் திரவ ஹீலியம் வேணும். சில லிட்டரே போதும் என்கிற மாடல்கள் இப்போ வந்திருக்கு. ஹீலியமே வேண்டாம் என்கிற நிலை வந்தால், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை மாதிரி ஊர்களிலும் இந்த மெஷினை வைப்பது சுலபமாகும். பக்கவாதம் வந்தவருக்கு ஸ்கேனுக்காக மணிக்கணக்கில் ஆம்புலன்ஸில் போவது எவ்வளவு பெரிய இழப்புன்னு எங்களுக்குத் தெரியும்.

ஏன் இன்னும் வரலை? பீங்கான் என்பதால் உடையும், கம்பியாக இழுக்க வராது. உலோக ரிப்பன் மேல் மெல்லிய படலமாகப் பூசித்தான் செய்கிறார்கள். விலை அதிகம். அந்த ரிப்பன்கள் பலவற்றில் சேர்ப்பது எதை தெரியுமா? நம்ம கடோலினியத்தை! 1958-ன் கொலையாளி இன்று பலமான காந்தங்கள் செய்யும் ரிப்பனுக்குள் வேலை பார்க்கிறார்.

26/
ரெண்டு: ஏமாறாம இருக்க.

2023 ஜூலையில் தென்கொரியாவில் இருந்து எல்கே-99 என்று ஒரு பொருள், "அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி, மிதக்குது பாருங்க"ன்னு வீடியோவோடு வந்தது ஞாபகம் இருக்கா? வாட்ஸ்அப் முழுக்க அதுதான். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் அவானா குழு உட்பட உலகின் பல ஆய்வகங்கள் செய்து பார்த்தன. மீக்கடத்தல் இல்லை. அந்தப் பாதி மிதப்புக்குக் காரணம் சாதாரணக் காந்தத்தன்மை. மின்தடை சட்டென்று குறைந்ததற்குக் காரணம் அதில் கலந்திருந்த செம்பு சல்பைடு.

27/
அடுத்த முறை இப்படி ஒரு ஃபார்வர்டு வந்தா மூணே கேள்வி கேளுங்க.

1. மின்தடை உண்மையிலேயே பூஜ்யமா, இல்ல வெறுமனே குறைஞ்சதா?
2. காந்தப்புலத்தை வெளியே தள்ளுதுன்னு அளந்து காட்டினாங்களா, இல்ல மிதக்கிற வீடியோ மட்டும்தானா?
3. சம்பந்தமே இல்லாத இன்னொரு ஆய்வகம் செய்து பார்த்து அதே முடிவு வந்ததா?

புது மருந்து, அதிசய சிகிச்சைன்னு வரும் ஃபார்வர்டுக்கும் இந்த மூணாவது கேள்வி பொருந்தும்.

28/
பெங்களூருக்கு தினமும் வேலைக்கும் படிப்புக்கும் போய் வர்ற ஓசூர், கிருஷ்ணகிரி பிள்ளைகளுக்குக் கடைசியா ஒண்ணு. உங்க ரயிலும் பஸ்ஸும் போற அதே ஊரில்தான் 1987-ல் இந்தக் கேள்வி மேடை ஏறியது. காந்தம் மீக்கடத்தலைப் பெற்ற தாயா, பக்கத்து வீட்டுக்காரரா என்பதற்கு முழு விடை இன்னும் யாரிடமும் இல்லை. பாடப்புத்தகத்தில் "விலகு"ன்னு போட்ட இடத்தைத் திரும்பிப் பார்க்க ஒருத்தர் போதும். அது நீங்களாவும் இருக்கலாம்.

பிளஸ் டூ இயற்பியல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தா இந்த இழையைக் காட்டுங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.